சாப்பாட்டில் சேராத நெல்லிக்காய்

மாசமாக இருக்கிற பெண்ணைப் பார்க்க எங்கள் பக்கத்தில் யாரும் வெறுங்கையோடு வர மாட்டார்கள். எனக்கு ஆறாம் மாதம் நடந்தபோது நல்லம்பள்ளியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாதுளை, சாத்துக்குடி, ஆப்பிள், வாழைச்சீப்பு என்று கால் வைக்க இடமில்லை. என் கணவர் சிவகுமார் கடை வைத்து, எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிறவர். "பேசாம கடைய மூடிட்டுப் பழ யாவாரத்துக்கு எறங்கிடலாமா?" என்று கேட்டார். நான் தருமபுரியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். பெயர் சுமதி, வயது முப்பத்து நான்கு.

இதற்கு முன் இரண்டு முறை உண்டாகி இரண்டும் தங்கவில்லை. ஒன்று மூன்றாம் மாதத்திலேயே கலைந்துவிட்டது. மற்றது ஏழாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே அசைவு நின்றுபோனது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன். அது தெரியாவிட்டால் நான் பின்னால் பயந்ததெல்லாம் உங்களுக்கு அதிகப்படியாகத் தோன்றும் என்பதால் சொல்கிறேன்.

ஆறாம் மாதப் பரிசோதனையில் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார்கள். குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும், பிறகு ரத்தம் எடுப்பார்கள். நூற்று நாற்பதுக்குக் கீழே இருக்க வேண்டியது எனக்கு நூற்று எண்பதைத் தாண்டியிருந்தது. "கர்ப்பகாலச் சர்க்கரை" என்றார் டாக்டரம்மா. நஞ்சுக்கொடியில் சுரக்கிற சில சுரப்புகள் நம் இன்சுலினை வேலை செய்ய விடாது. பெரும்பாலான பெண்களின் உடம்பு கூடுதலாக இன்சுலின் சுரந்து சமாளித்துக்கொள்ளும். என் உடம்புக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை.

"தாய் ரத்தத்துல சக்கர கூடுனா கொடி வழியா புள்ளைக்கும் போகும். அதச் சமாளிக்கப் புள்ள தானா இன்சுலினக் கூட்டிச் சுரக்கும். உள்ள இருக்கறப்ப புள்ள பெருசாயிடும். பொறந்து கொடிய வெட்டுனதும் சக்கர வர்றது நின்னுடும், இன்சுலின் மட்டும் மிச்சமிருக்கும். அதனால புள்ளைக்குச் சக்கர திடீர்னு எறங்கும். அதுதான் நாம பாத்துக்க வேண்டியது" என்றார்.

"போன தடவை நின்னுபோனதும் இதனாலதானா டாக்டர்?"

"அப்ப டெஸ்ட் எடுத்துப் பாக்கலையேம்மா, எதையும் சொல்ல முடியாது. இப்ப தெரிஞ்சுபோச்சு, இப்ப பாத்துக்கலாம்."

செய்தி வெளியே போனதும் ஊரே மருத்துவம் படித்தது. சிவகுமார் கையில் போன் இருந்தது, அவரைச் சொல்லவே வேண்டாம். கடையில் காயில் சுற்றுகிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் வீடியோதான். சர்க்கரைக்கு எந்தப் பழம் நல்லது என்று ஆளாளுக்குச் சொல்வதைக் கேட்டுவிட்டு வந்து எனக்குப் பாடம் எடுப்பார். "ஆன்டி ஆக்சிடன்ட்டுனு ஒண்ணு இருக்குது சுமதி. நம்ம உடம்பு இரும்பு மாதிரி, சக்கர கூடுனா துருப்பிடிக்குமாம். இந்தப் பழமெல்லாம் துருப் புடிக்க விடாது." காயில்காரர் வேறு எப்படிச் சொல்வார்? மாதுளையை மிக்சியில் அடித்து, வடிகட்டி, தம்ளர் தம்ளராக நீட்டினார். அது சர்க்கரைத் தண்ணீருக்குப் பக்கத்தில் வந்துவிட்டது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. ஒரு வாரம் குடித்தேன். பிறகு டாக்டரம்மா கேட்டறிந்து திட்டியதும் ஜூஸ் நின்றது.

நின்றதாகத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஜூஸ் நின்றது உண்மை. மாமியாரின் நெல்லிக்காய் நிற்கவில்லை.

என் மாமியார் பச்சையம்மாள். அத்தை என்றுதான் கூப்பிடுவேன். பேச்சு கொஞ்சம், மாடு இரண்டு. என் இரண்டாவது குழந்தை போனபோது எனக்கு எதிரில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து அழுததைப் பக்கத்து வீட்டில் சொல்லித்தான் தெரியும். இந்த முறை நான் உண்டானது தெரிந்ததுமே வத்தல்மலையில் தெரிந்தவர்களிடம் சொல்லிவைத்து மலைத்தேன் வாங்கினார். நெல்லிக்காயை வேகவைத்து, கொட்டை எடுத்து, அந்தத் தேனில் ஊறப்போட்டு ஒரு பெரிய கண்ணாடி பாட்டில் நிறைய வைத்திருந்தார். விடிந்ததும் வெறும் வயிற்றில் இரண்டு சுளை, கூடவே ஒரு கரண்டி தேன். சர்க்கரை என்று தெரிந்த பிறகு அளவு கூடியதே தவிரக் குறையவில்லை.

"சக்கரைக்கு நெல்லியவுட மருந்து எதுங் கண்ணு? தேனும் மலையில எடுத்தது. கடையில விக்கிற சீனியா இது?"

எனக்கும் அது சரியென்றே பட்டது. கணக்கு டீச்சர்தான், ஆனால் அன்பாக ஊட்டுகிற கரண்டியை யார் அளந்து பார்க்கிறார்கள்?

அரிசியைக் குறைத்தேன். ராகிக் களியும் கீரையுமாகச் சாப்பிட்டேன். சாப்பிட்டதும் நடந்தேன். இவ்வளவு செய்தும் அடுத்த பரிசோதனையில் சர்க்கரை ஏறித்தான் இருந்தது. ஸ்கேனில் குழந்தையின் வயிற்றுச் சுற்றளவு மாதத்துக்கு மிஞ்சியிருந்தது, பனிக்குடத் தண்ணீரும் அதிகம். டாக்டரம்மா என்னை வார்டில் சேர்த்தார். இன்சுலின் ஊசி தொடங்கி, அளவைச் சரிசெய்யும்வரை அங்கேயே இருக்கச் சொன்னார்.

தருமபுரி பெரிய ஆஸ்பத்திரியில் முதலில் உங்களுக்குக் கிடைப்பது காத்திருப்பு. ரத்தம் எடுக்க ஒரு வரிசை, ஸ்கேனுக்கு ஒரு வரிசை, சீட்டில் கையெழுத்துக்கு ஒரு வரிசை. நிற்க முடியாமல் ஒருத்தி தரையில் உட்கார்ந்தால் வரிசை முழுக்க அவளோடு உட்கார்ந்துவிடும். வயிறு இடிக்காமல் ஒதுங்கி வழிவிடுவதில் எல்லோருக்கும் அவ்வளவு கவனம். கீழே உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒரு அம்மா என் வீங்கிய காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். என் முறை வரும்வரை இறக்கிவிடவில்லை.

வார்டில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் ராணி. சித்தேரி மலைக்காரப் பெண், இருபத்தைந்து வயது இருக்கும். அவளும் மாசம்தான், ரத்தக் கொதிப்புக்காக வைத்திருந்தார்கள். கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வார்டையே வேடிக்கை பார்ப்பாள். எங்கள் வார்டைப் பார்த்துக்கொண்டது ஜெயா சிஸ்டர். இன்சுலின் போடக் கற்றுக்கொடுப்பது, என்ன சாப்பிட்டோம் என்று கேட்டு எழுதுவது எல்லாம் அவர்தான். ஊசி குத்துவதில் கை லேசு, கேள்வி கேட்பதில் வாய் கனம்.

"காலையில என்ன சாப்பிட்ட?"

"ரெண்டு இட்லி சிஸ்டர். புதினாச் சட்னி ஒரு கரண்டி. முட்டை ஒண்ணு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சிஸ்டர்."

சத்தியமாகப் பொய் சொல்லவில்லை. விடிந்ததும் விரலில் ஊசி குத்தி வெறும் வயிற்று அளவைப் பார்த்துவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போவார். அந்த இடைவெளியில் அத்தை பையைத் திறந்து பாட்டிலை எடுத்து ஊட்டிவிடுவார். பிறகு இன்சுலின், பிறகு இட்லி. இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்தால் நூற்று இருபதுக்குள் நிற்க வேண்டியது நூற்று எழுபது, நூற்று எண்பது என்று நிற்கும். மதியம் அவ்வளவு மோசமில்லை, காலையில் மட்டும் இந்தக் கூத்து. இன்சுலினைக் கூட்டினார்கள். மறுநாள் மறுபடி கூட்டினார்கள்.

நான் உள்ளுக்குள் ஒடிந்துபோனேன். சாப்பாட்டில் குறைவைத்தால் திருத்திக்கொள்ளலாம். உடம்பே ஒத்துழைக்க மறுத்தால் யாரிடம் போய்ச் சொல்வது? குழந்தை அசைகிறதா என்று வயிற்றில் கைவைத்தபடியே இருப்பேன். தூங்கினால் அசைவைத் தவறவிட்டுவிடுவேனோ என்று தூங்கப் பயம். சிவகுமார் வந்தால் நான் முகம் கொடுத்துப் பேச மாட்டேன். அவர் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து என் செருப்பைத் துடைப்பார். துடைத்த செருப்பையே திரும்பத் துடைப்பார்.

விஷயத்தைப் போட்டு உடைத்தது ராணிதான். ஒரு நாள் காலையில் ஜெயா சிஸ்டர் ஏதோ மறந்துவிட்டுத் திரும்பி வந்தார். அத்தை அப்போதுதான் பாட்டிலை மூடிக்கொண்டிருந்தார். ராணி வெள்ளந்தியாகக் கேட்டாள்: "ஆயா, தெனமும் அக்காவுக்கே ஊட்டுறீங்களே, எனக்கும் ஒரு நெல்லி குடுங்களேன்."

சிஸ்டர் நின்றார். "எந்த நெல்லி?"

அத்தை பாட்டிலை எடுத்துக் காட்டினார், கொஞ்சம் பெருமையாகவே. சிஸ்டர் மூடியைத் திறந்து முகர்ந்தார். என் பக்கம் திரும்பினார்.

"தெனம் என்ன சாப்பிட்டன்னு நான் கேட்டனா இல்லையா?"

"கேட்டீங்க சிஸ்டர். நீங்க சாப்பாட்டைத்தானே கேட்டீங்க? இது மருந்தாச்சே."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் அது விழுந்தது. எங்கள் வீடுகளில் அப்படித்தான். கசாயம், லேகியம், தேன் நெல்லி, இதெல்லாம் சாப்பாட்டில் சேராது. விரதம் இருக்கிறவர்கள்கூட மருந்து சாப்பிடலாம், விரதம் கெடாது. யாராவது என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் சோறு, குழம்பு, பலகாரம் சொல்வோம். மருந்தை யார் சொல்லுவார்கள்?

சிஸ்டர் திட்டப்போகிறார் என்று பார்த்தேன். அவர் சிரித்துவிட்டார். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"நெல்லி நல்லதுதாம்மா, யாரு இல்லைன்னாங்க? நெல்லி, நாவல், கொய்யா, மாதுளை எல்லாத்துலயும் அந்தத் துவர்ப்புலயும் நெறத்துலயும் ஆன்டி ஆக்சிடன்ட் இருக்குது. சக்கர கூடுன உடம்புல நரம்பையும் ரத்தக்குழாயையும் அரிக்கிற கழிவு நெறையா உண்டாகும், அத அடக்க ஒத்தாச பண்ணும். நார்ச்சத்து இருக்கறதால சக்கரயும் மெதுவா ஏறும். ஆனா நீங்க நெல்லியத் தேன்ல முக்கி எடுத்தா உள்ள போறது தேனு. மலைத்தேனா இருந்தாலும் ரத்தத்துக்குச் சக்கர சக்கரதான். இன்னொண்ணு, பழம் கூடமாட ஒத்தாசைக்குத்தான். வூட்டு வேல மொத்தத்தையும் அது தலையில கட்ட முடியாது. ஊசி, நடை, சாப்பாட்டு அளவு, இதுங்கதான் வேல செய்யற ஆளுங்க."

விஷயம் டாக்டரம்மாவுக்குப் போனது. தேன் நின்றால் கூட்டிவைத்த இன்சுலின் அதிகமாகிச் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும் என்று அளவைக் குறைத்தார். மறுநாள் தேன் இல்லை. பச்சை நெல்லி ஒன்றும், காலைச் சாப்பாட்டுக்கும் மதியத்துக்கும் நடுவில் பாதிக் கொய்யாவும் தந்தார்கள். இட்லிக்குப் பிறகான அளவு நூற்றுப் பதினாறு. நான் மீட்டரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் உடம்பு கெட்டுப்போகவில்லை. இவ்வளவு நாள் அது சரியான விடையைத்தான் காட்டிக்கொண்டிருந்தது, கேள்வியில் பாதியை நான் சொல்லாமல் விட்டிருந்தேன்.

அத்தையைக் காணவில்லை. வராந்தாக் கடைசியில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முந்தின நாளிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று சிவகுமார் சொன்னார். நான் வயிற்றைத் தாங்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எங்கையாலயே புள்ளைக்கு வெசம் வெச்சிருக்கறன் கண்ணு. போன புள்ளைக்கும் நாந்தான் லேகியங் கிண்டிக் குடுத்தன்."

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. "அத்தை, இப்ப நீங்க மயங்கி விழுந்தா உங்களுக்கும் ஒரு கட்டில் போடணும். என்னால ரெண்டு பேரைப் பாக்க முடியாது. போயி ரெண்டு இட்லி தின்னுட்டு வாங்க" என்று அதட்டினேன். பதினோரு வருடத்தில் நான் அவரை அதட்டியது அதுதான் முதல் தடவை. எழுந்து இட்லி தின்னப் போனார்.

அது நாவல் பழக் காலம். ராணியின் கணவன் சித்தேரிக் காட்டிலிருந்து ஒரு தூக்குவாளி நிறைய நாவல் கொண்டுவந்தான். ராணி எனக்கு அள்ளி நீட்டினாள். அத்தை பதறிக் கையைத் தடுத்தார். மாசமாக இருக்கிறவள் நாவல் தின்றால் பிள்ளை கருப்பாகப் பிறக்கும் என்பது எங்கள் பக்கத்துச் சட்டம்.

ராணி வாயெல்லாம் ஊதாவாக நிமிர்ந்து பார்த்தாள். "கருப்பாப் பொறந்தா என்னாங்க ஆயா? உசுரோட பொறந்தாப் போதாதா?"

அவளுக்கு என் கதை தெரியாது. அவள் பாட்டுக்குக் கொட்டையைத் துப்பிக்கொண்டிருந்தாள். அத்தை தூக்குவாளியை வாங்கி, சிஸ்டரிடம் எத்தனை பழம் தின்னலாம் என்று கேட்டுவந்து, அந்த அளவை என் கையில் வைத்தார். அடுத்த வாரம் நான் வீடு திரும்பியபோது பாப்பாரப்பட்டிச் சந்தையிலிருந்து அவரே நாவல் வாங்கி வந்திருந்தார். உப்புப் போட்டுக் குலுக்கித் தந்தார்.

பிறகு வந்த வாரங்கள் அமைதியாகப் போயின. தினமும் நான்கு முறை விரலில் குத்திக்கொண்டேன், மூன்று முறை வயிற்றில் இன்சுலின் போட்டுக்கொண்டேன். முதலில் வலித்தது, பிறகு பல் தேய்ப்பது போல ஆகிவிட்டது. சிவகுமார் வீடியோ பார்ப்பதை விட்டுவிட்டு என்னோடு சாயங்காலம் நடக்க வந்தார். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் கொடுத்த ஆப்பிளையும் வாழையையும் அத்தை வாங்கிவைத்துக்கொண்டு அவர்களுக்கே நறுக்கித் தட்டில் வைத்தார். அடுத்த ஸ்கேனில் குழந்தையின் வளர்ச்சி மட்டுக்கு வந்திருந்தது.

முப்பத்தெட்டாவது வாரத்தில் வலி வரவைக்க மருந்து கொடுத்தார்கள். ஒரு பகல் முழுக்கப் போராட்டம். பொழுது சாயும் முன்பு பெண் பிறந்தாள். பிறந்தவுடன் அழுதாள். அந்த அழுகையை நான் மூன்று பிள்ளைகளுக்குச் சேர்த்துக் கேட்டேன்.

ஆனால் பயம் அதோடு முடியவில்லை. டாக்டரம்மா முதல் நாளே சொன்னது இதைத்தான். குழந்தையின் குதிகாலில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை நாற்பத்தைந்துக்கு மேல் இருக்க வேண்டும். முப்பத்தெட்டுதான் இருந்தது. பிரசவ வார்டு சிஸ்டர் வேறு ஒருவர், புதியவர். அவர் படபடப்பில்லாமல் சொன்னார்: "பயப்படாதீங்க. உடனே பால் குடுங்க. ஒரு மணி நேரம் கழிச்சுத் திரும்பக் குத்திப் பாப்போம். ஏறலைன்னா மேல குழந்தைங்க வார்டுக்குக் கொண்டுபோயி டிரிப்ஸ் போடணும்."

வாயில் வைத்தால் அவள் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுத் தூங்கிப்போனாள். எழுப்பினால் முகம் சுளித்துவிட்டு மறுபடி தூக்கம். "எனக்குப் பாலே வரலை அத்தை" என்றேன். அத்தை கையைச் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவிவந்தார். சிஸ்டர் சொல்லிக்கொடுத்தபடி மாரை மெதுவாக அழுத்தி, மஞ்சளாகக் கெட்டியாக வந்த சீம்பாலைச் சொட்டுச் சொட்டாகப் பாலாடைச் சங்கில் பிடித்தார். காலமெல்லாம் மாடு கறந்த கை அது. பிடித்ததைப் பிள்ளையின் கன்ன ஓரத்தில் விட்டு, விழுங்கும்வரை தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். விழுங்கியதும் அடுத்த சொட்டு. கதவுக்கு வெளியே என் நாத்தனார் சேனை வைக்கலையா, முதல் இனிப்பைப் பாட்டிதானே நாக்கில் தொட்டுவைக்க வேண்டும் என்று கேட்டது எங்கள் காதில் விழுந்தது. அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சிஸ்டர் வந்து இன்னொரு குதிகாலில் குத்தினார். மீட்டரைப் பார்த்தார். புருவம் உயர்ந்தது. அத்தை பக்கம் திரும்பி, கொஞ்சம் கறாராகவே கேட்டார்.

"அறுபத்திரண்டு இருக்குது. உண்மையச் சொல்லுங்கம்மா, வாயில ஏதாச்சும் வெச்சீங்களா? சக்கரத் தண்ணி, மருந்து, சேனை, எதாவது?"

அத்தை கையிலிருந்த பாலாடையை அவரிடம் நீட்டினார். அடியில் மஞ்சளாக ஒரு கோடு ஒட்டியிருந்தது.

"இதுதானுங்க குடுத்தன். அவ ஆத்தா பாலு. இதத் தவிர ஒண்ணுமே குடுக்கலீங்க."

சிஸ்டர் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "அப்ப மேல கொண்டுபோக வேணாம். இதையே குடுங்க, இடையில குத்திப் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்து, என் கட்டில் சட்டத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். எனக்கு எதிரில், சத்தம் போட்டு. நான் ஒரு கையில் மகளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அவர் தலையைத் தடவினேன். குழந்தை பசித்து எழுந்து என் மாரைத் தேடியது.